பாலக்கோட்டுத் தக்காளி விலையும் நேட்டிவ் நிரலும்

விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசிகளில் செயலிகள் விரைந்து இயங்க வேண்டுமானால், மெய்நிகர் பொறியை ஒதுக்கிவிட்டு அவற்றை நேட்டிவ் நிரலாகவே எழுத வேண்டும் என்ற கருத்து மென்பொருளாளரிடையே பரவலாக இருக்கிறது. மெய்நிகர் பொறி என்பது ஜாவா, கோட்லின் நிரல்களின் இடைநிலை வடிவமான பைட்கோடை இயக்கும் மென்பொருள். நேட்டிவ் நிரல் என்பது சி, சி++ மொழிகளில் எழுதப்பட்டு, கூகுள் 2009இல் வெளியிட்ட என்டிகே என்னும் கருவித்தொகுப்பின் வழியே குறிப்பிட்ட வகைச் சிப்புக்கென்றே ஆக்கப்படுவது.

மெய்நிகர் பொறி மெதுவானது என்ற குற்றச்சாட்டு, பைட்கோடுக் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து இயக்கிய டால்விக் என்ற ஆண்ட்ராய்டு மெய்நிகர் பொறியின் தொடக்ககால வடிவத்துக்குப் பொருந்தும். 2010இல் வந்த ஆண்ட்ராய்டு 2.2, அடிக்கடி ஓடும் பகுதிகளை ஓட்டத்தின்போதே சிப்பின் மொழிக்கு மாற்றத் தொடங்கியது. 2014இல் ஆண்ட்ராய்டு 5.0 டால்விக்கையே நீக்கி, அந்த இடத்தில் ஏஆர்டி என்னும் புதிய இயக்கச் சூழலை அமர்த்தியது. ஓய்வுபெற்றுவிட்ட பொறியின் மீதுதான் இன்னமும் வழக்கு நடக்கிறது.

நேட்டிவ் நிரல் காத்திருப்பைக் குறைக்கும் என்பது அடுத்த வாதம். தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் தக்காளி பயிரிடும் விவசாயி, தமிழக அரசு 2018இல் வெளியிட்ட உழவன் செயலியில் சந்தை விலை பார்க்கும்போது காத்திருப்பது சிக்னலுக்கும் சர்வரின் பதிலுக்குமே. அவ்வேலையில் கணக்கீடு என்று சொல்லத்தக்கது அற்பம். ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் உரிய இடத்தில் பொருத்தும் வேலையைக்கூட, ஆண்ட்ராய்டுக்குள்ளேயே இருக்கும் ஹார்ஃப்பஸ் என்ற சி++ நூலகம் செய்து தந்துவிடுவதால், ஜாவாவில் எழுதுபவருக்கும் நேட்டிவ் வேகத்தின் பயன் கேளாமலே கிடைக்கிறது. மேலும், ஜாவாவிலிருந்து நேட்டிவ் பகுதிக்கு ஒவ்வொரு முறை தாவுவதற்கும் தனிச் செலவு உண்டு.

நேட்டிவ் நிரலுக்கு ஒருமுறை உழைத்தால் போதும் என்ற வாதமோ முற்றிலும் தவறு. 2012இல் இந்தியாவில் இன்டெல் சிப்புடன் ஸோலோ எக்ஸ்900 விற்பனைக்கு வந்தபோது பைட்கோடுச் செயலிகள் அப்படியே ஓட, ஆர்ம் சிப்புக்கு மட்டும் ஆக்கப்பட்ட நேட்டிவ் பகுதிகளுக்கு மொழிபெயர்ப்பு அடுக்கு ஒன்று தேவைப்பட்டது. 2019இல் கூகுள் பிளே 64 பிட் வடிவத்தைக் கட்டாயமாக்கியபோதும், 2025 நவம்பரில் 16 கிலோபைட் நினைவகப் பக்கங்களுக்கான ஆதரவைக் கேட்டபோதும், சீரமைக்கும் சுமை நேட்டிவ் நூலகங்களைச் சேர்த்திருந்தவர்கள் மீதே விழுந்தது. இரண்டு, மூன்று பேர் கொண்ட குழு இச்சுமையை எத்தனை ஆண்டுகளுக்குத் தாங்கும்?

பாதுகாப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2015இல் வெளிப்பட்ட ஸ்டேஜ்ஃபிரைட் என்ற பாதுகாப்பு ஓட்டைகள், ஆண்ட்ராய்டில் ஊடகக் கோப்புகளைக் கையாளும் சி++ நூலகத்தில்தான் இருந்தன.

விளையாட்டு, காணொளி, படச் செயலாக்கம் ஆகியவற்றில் என்டிகேயின் இடம் மறுக்க முடியாதது. மற்ற செயலிகளை உருவாக்குவோர், நேரம் எங்கே செலவாகிறது என்பதை முதலில் அளந்து, தேவைப்படும் பகுதியை மட்டும் சி++க்கு மாற்றட்டும்.