ஒரே எண் போதாது

சிமுலேஷன் பயிற்சி வகுப்புகளில் இந்த வாசகத்துக்கு அழிவே இல்லை: "உராய்வுக்கு ஒரு எண் போதும். திசைக்குத் திசை மாறுவதெல்லாம் சில்லறை விஷயம், வேண்டுமானால் சராசரி போட்டுக்கொள்ளலாம்." பல வருடமாகக் கேட்டுக் கேட்டு எரிச்சல்தான் மிச்சம்.

சராசரியையே பார்ப்போம். வரிவரியாகப் பள்ளம் கீறிய ஒரு பலகை. உராய்வுக் குணகம் பள்ளத்தின் போக்கில் 0.2, குறுக்கே 0.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையை 20 டிகிரி சாய்த்து ஒரு கட்டையை வைக்கிறோம். அந்தச் சரிவில் 0.36க்குக் குறைவான உராய்வு கட்டையைத் தாங்காது. பள்ளங்கள் மேலிருந்து கீழாக ஓடினால் கட்டை வழுக்கி இறங்கும். குறுக்கே கிடந்தால் அசையாது. 0.5 என்று சராசரி போட்ட திரையில் இரண்டு நிலையிலும் கட்டை அப்படியே நிற்கிறது. ஓடவேண்டியது நிற்பது சில்லறைப் பிழையா?

கணக்கு மெதுவாகும் என்பார்கள். தொடுபரப்பில் இரண்டு திசைகளை இயற்பியல் எஞ்சின் ஏற்கெனவே கணக்கிடுகிறது. வரம்பை வேறுவேறாக வைப்பதில் பெரிய செலவு ஒன்றுமில்லை.

இன்னொரு கூட்டம் திசைக்கேற்ப எண்ணை மாற்றுகிறது, ஆனால் விசையை மட்டும் நகரும் திசைக்கு நேர் எதிராகவே போடுகிறது. என்னை அதிகம் வருத்துவது இதுதான், ஏனென்றால் பார்ப்பதற்குச் சரிபோலவே இருக்கும். அதே பலகையைச் சமதளமாக வைத்து, கட்டையைப் பள்ளத்துக்கு 45 டிகிரியில் தள்ளிவிடுங்கள். உராய்வின் வரம்பை நீள்வட்டமாகக் கொண்டு, ஆற்றல் இழப்பு உச்சமாக இருக்கும் விசையைத் தேடினால், குணகங்கள் வர்க்கமாகி நிற்கின்றன: 0.04, 0.64. குறுக்கு விசை பள்ளப்போக்கு விசையைப்போல 16 மடங்கு. அதாவது உராய்வு நகர்வுக்கு நேர் எதிரே இல்லை, ஏறக்குறைய 41 டிகிரி விலகி நிற்கிறது. குறுக்கு வேகம் சட்டென்று செத்துப்போக, கட்டை வளைந்து பள்ளத்தின் வழியே ஓடுகிறது. நேர் எதிர் விசை போட்டவரின் கட்டையோ கோணல் கோட்டில் நேராகப் போய் நின்றுவிடும். எண்ணை எவ்வளவு நுணுக்கமாக மாற்றினாலும் அந்தப் பாதை வளையவே வளையாது.

திசை வேண்டாம் என்பவர்களின் நிரலிலும் திசை இருக்கத்தான் செய்கிறது. ஓப்பன் டைனமிக்ஸ் எஞ்சின் போன்றவை எல்லாத் திசையிலும் ஒரே வரம்பு வைக்கும் உராய்வுக் கூம்பைப் பிரமிடாக்கி, இரண்டு அச்சுகளுக்கும் தனித்தனியே வரம்பு வைக்கின்றன. அதனால் மூலைவிட்டத்தில் உராய்வு 41 சதவீதம் வரை கூடிவிடும். பரப்பில் இல்லாத திசையை ஏற்றுக்கொண்டு, இருக்கும் திசையை மறுப்பது என்ன நியாயம்? அதே எஞ்சினில் இரண்டாவது குணகமும், முதல் உராய்வுத் திசையைக் குறிக்கும் வெக்டரும் உண்டு. முஜோகோ என்ற எஞ்சினிலும் தொடும் ஜோடியைத் தனியாக அறிவித்தால் இரண்டு எண் கொடுக்கலாம்.

பாம்பு ரோபோ செய்பவர்களாவது இதைக் கேட்கவேண்டும். ஆய்வாளர் டேவிட் ஹூ குழுவினர் 2009இல் பாம்புகளின் உராய்வை அளந்தார்கள். முன்னோக்கிக் குறைவு, பின்னோக்கி அதைவிட அதிகம், பக்கவாட்டில் எல்லாவற்றையும்விட அதிகம். இந்த வேறுபாடு எடுபடாத வழவழப்பான தரையில் பாம்பு நெளிந்தது, முன்னேறவில்லை. முன்னும் பின்னும் ஒன்றாகவே நடத்தும் நீள்வட்டம்கூட இங்கே போதாது.

அளவீடு கிடைக்காது என்பது கடைசி வாதம். மாதிரியை இழுத்து ஒரு எண் எடுத்தவர், அதே மாதிரியை 90 டிகிரி திருப்பி இன்னொரு முறை இழுத்துப் பார்க்கட்டும்.