குறை சொல்ல ஒரு பாஷை

காலை எட்டரை மணிக்குத் திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றின் வாசலில் நின்று பார்த்தால், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் முதலிய மாநிலங்களிலிருந்து ஜீவனம் தேடி வந்தவர்கள் நம் ஊர்க்காரர்களோடு கலந்து உள்ளே செல்வதைக் காணலாம். இவர்களுக்கு வேலை கொடுத்த முதலாளிகள், இவர்களுடைய குறையைக் கேட்க வழி வகுத்திருக்கிறார்களா என்பதே நம் கேள்வி.

ஓவர்லாக் மெஷினின் ஊசி விரலில் ஏறிவிட்டால், ரத்தத்தைக் கண்டதும் பக்கத்து மெஷின்காரர் ஓடி வருவார். அதற்குப் பாஷை வேண்டியதில்லை. ஆனால் வாரக் கூலியில் ஒன்றரை ஷிப்டு குறைந்ததையோ, சூப்பர்வைசர் தகாத வார்த்தை பேசியதையோ ஓர் ஒடிசாப் பெண் எந்த மொழியில் முறையிடுவாள்? அவளுக்காகப் பேசுபவர், அவளை ஊரிலிருந்து அழைத்து வந்த கான்ட்ராக்டரின் ஆள் என்றால், அந்தக் கான்ட்ராக்டரைப் பற்றிய முறையீடு நிர்வாகத்தின் செவியை எங்ஙனம் எட்டும்?

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம், அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளரில் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்று வகுத்தது. வேலைக்கு வருவோர் எல்லாம் சுற்றுவட்டாரத்தாராக இருந்த காலத்துக்கு அது பொருந்தியது. இன்றோ, தீயணைப்புக் கருவியின் அருகில் மாட்டிய பலகையை வாசிக்க இயலாத சிறுபான்மையோரும், ஆபத்து நேர்ந்தால் அதே புகையைத்தான் சுவாசிக்க வேண்டும்.

இந்த அநீதி தமிழருக்குப் புதிதன்று. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் நம்மவர் உழைத்த நாளில், வெள்ளைக்காரத் துரைமார் தமிழ் கற்கத்தான் செய்தார்கள். ஆனால் அது வேலை ஏவுவதற்கான தமிழ். தொழிலாளியின் குறையோ, அவனை ஊரிலிருந்து அழைத்து வந்தவனும் அவன் கடன்பட்டிருந்தவனுமான கங்காணியின் வாய் வழியாகவே துரையை அடைய வேண்டியிருந்தது.

வந்தவர்கள் தமிழ் கற்றுக்கொள்ளட்டும் என்பது நியாயமே; அதற்குக் கம்பெனிகளே மாலை வகுப்பு நடத்தட்டும். ஆனால் பாடம் முடியும்வரை விபத்து காத்திராது. அதுவரை அவரவர் மொழியிலேயே குறை கேட்க ஏற்பாடு செய்வதற்குச் செலவைச் சொல்லித் தயங்குவோர், வடமாநிலத்தார் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பரவிய பொய்க் காணொளிகளால் பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கு அனுப்ப நேர்ந்ததை நினைவுகூர வேண்டும். மனம்விட்டுப் பேசும் பழக்கம் உள்ள இடத்தில் வதந்தி எளிதில் வேர்விடாது.

ஆகவே, பாதுகாப்புப் பலகையும் கூலிச் சீட்டும் தொழிலாளர் அறிந்த ஒவ்வொரு மொழியிலும் இருக்க வேண்டும். கான்ட்ராக்டருக்குக் கட்டுப்படாத மொழிபெயர்ப்பாளரை நிர்வாகமே நியமிக்க வேண்டும். 10 பேர் வேலை செய்தாலே, பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி அமைய வேண்டிய புகார்க் குழுவில், வெளிமாநிலப் பெண்கள் உள்ள இடமெல்லாம் அவர்களில் ஒருத்தியேனும் அமர வேண்டும். 'பெரும்பாலோர்' என்ற வரம்பு 'ஒவ்வொருவரும்' என்று மாற வேண்டும். கங்காணி முறையின் கசப்பை அனுபவித்த சமூகம், தன் ஆலைகளில் அதற்கு மறுபிறவி கொடுக்கலாகாது.