முன் இருக்கை மரியாதை

போடிமெட்டு ஏறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் ஜீப்புகளில் ஒரு வழக்கம் உண்டு, தோழர்களே! கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு முன் இருக்கை. நல்லெண்ணந்தான், ஆனால் இயற்பியல் எண்ணம் பார்ப்பதில்லையே!

கணக்கைப் பாருங்கள். குழந்தையின் எடை 10 கிலோ. வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். வண்டி மோதி 0.1 நொடியில் நின்றால், அக்குழந்தையை இழுத்து நிறுத்த ஏறத்தாழ 140 கிலோ எடையைத் தாங்கும் வலு வேண்டும். எந்தத் தாயின் கைக்கு அது உண்டு? பழைய ஜீப்பில் எதிரே இரும்பும் கண்ணாடியும். புதிய காரிலோ காற்றுப்பை. பெரியவரைக் காக்கும் அதுவே மடியிலுள்ள மழலைக்கு எமன். 2024 செப்டம்பரில் மலப்புறம் மாவட்டத்தில், தாயின் மடியிலிருந்த இரண்டு வயதுக் குழந்தை அப்படித்தான் உயிர் நீத்தது.

அடுத்த மாதமே கேரளப் போக்குவரத்து ஆணையர், சிறுவர்க்குப் பின்னிருக்கையும் அவர்க்கென அமைந்த தனி இருக்கையும் வேண்டுமென்றார். உடனே அபராதமில்லை என்றார் அமைச்சர். இதெல்லாம் கார் உடையவர் கதை! பின்புறம் பெல்ட்டே இல்லாத ஜீப்பில் நெருக்கியடித்துச் செல்லும் ஏலக்காய் பறிக்கும் தாய்க்கு எந்த ஆணை இருக்கை தரும்? ஆளுக்கொரு இருக்கையும் பெல்ட்டும் உள்ள வண்டியைத் தோட்ட முதலாளியே அனுப்பட்டும். கேட்க வேண்டியது அதைத்தான். அதுவரை, விடுமுறையில் ஊர் செல்லும் நாம் ஓட்டுநரிடம் சொல்வோம்: “குழந்தையைப் பின்னால் ஏற்றுங்கண்ணே, ஆளையும் வேகத்தையும் குறையுங்க.”