மூச்சடக்கிச் சுழியோடுவோரின் பாதுகாப்பும் கவனிக்கப்படாத கடமையும்

வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியின் சீற்றம் தணிந்து கிழக்குக் கடல் தெளிவடையும் சித்திரை மாதம் முதல் புரட்டாதி வரையிலான காலம், திருகோணமலை மாவட்டத்தின் நிலாவெளி, உப்புவெளிக் கரைகளுக்கு வெளிநாட்டு உல்லாசப் பயணிகளும் உள்நாட்டு இளைஞர்களும் பெருமளவில் வந்து சேரும் காலமாகும். இவர்களுள் ஒரு சாரார் காற்றுக் கொள்கலன் எதுவுமின்றி, மூச்சை அடக்கிக்கொண்டு முருகைக்கற்பாறைகளை நோக்கிச் சுழியோடுவதில் அதிக நாட்டம் காட்டி வருகின்றனர். முகக்கண்ணாடி, சுவாசக் குழாய், நீண்ட காற்துடுப்புகள், ஈயக்கட்டிகள் கோர்த்த இடுப்புப்பட்டி ஆகியவற்றை இன்று எவரும் கடைகளிலோ இணையத்தின் வாயிலாகவோ வாங்கிவிடலாம். ஆனால், அவற்றை அணிந்து ஆழத்துக்குச் சென்றவர் எவ்வாறு பாதுகாப்பாகத் திரும்புவது என்பதைக் கற்பிப்பதற்கான ஏற்பாடுகள் எமது நாட்டில் போதியளவு பரவலாக இல்லை. கடலிலிருந்து எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்பது குறித்துச் சட்டங்களை ஆக்கியுள்ள நாம், கடலுக்குள் இறங்குபவன் கரை திரும்புவது குறித்து அதேயளவு அக்கறை காட்டியுள்ளோமா என்ற கேள்வி இங்கு எழுகின்றது.

சுழியோடுதல் ஆபத்தானது என்பதை எமது கரையோர மக்கள் அறியாதவர்களல்லர். காற்றுக் கொள்கலனுடன் சங்கும் கடலட்டையும் எடுப்பதற்காக இறங்கி, நீண்ட நேரம் ஆழத்தில் நின்றுவிட்டு விரைவாக மேலே வருபவர்களின் உடலில் கரைந்திருந்த நைதரசன் குமிழிகளாக வெளிப்படுவதால் கை கால்கள் செயலிழந்து போவதுண்டு. இத்தகைய பாதிப்புக்கு அமுக்க அறைச் சிகிச்சை தேவைப்படுகின்றது. இதனை அறிந்திருப்பவர்கள், கொள்கலன் இல்லாவிட்டால் அந்த ஆபத்தும் இல்லை, எனவே மூச்சடக்கிச் சுழியோடுவது தீங்கற்ற பொழுதுபோக்கு என்று எண்ணிவிடுகின்றனர். இந்த எண்ணம் தவறானது. மூச்சடக்கிச் சுழியோடுபவரை எதிர்நோக்கும் ஆபத்து வேறு வகையானது. அது பெரும்பாலும் எவ்வித முன்னறிவிப்புமின்றி, ஆழத்திலல்லாது மேற்பரப்புக்கு மிக அருகிலேயே நேர்கின்றது.

இதற்கான காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமானதல்ல. கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. 20 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் கரையிலுள்ளதைப் போல் மூன்று மடங்காகும். அங்கு நிற்கும் ஒருவரின் நுரையீரலில் ஒட்சிசனின் பங்கு 8 சதவீதமாகக் குறைந்துவிட்டாலும், அமுக்கம் மும்மடங்காக இருப்பதனால், கரையில் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும் ஒருவருக்குக் கிடைப்பதற்குக் குறையாத ஒட்சிசன் அழுத்தம் அவருக்குக் கிடைத்துக்கொண்டிருக்கும். அவர் எவ்விதக் குறைபாட்டையும் உணரமாட்டார். ஆனால் அவர் மேலே வரும்போது அமுக்கம் குறைகின்றது. அதிலும் இறுதிப் 10 மீற்றரில் அது சரிபாதியாக வீழ்ச்சியடைகின்றது. எஞ்சியிருந்த சிறிதளவு ஒட்சிசனும் அவ்வேளையில் மூளைக்குப் போதாமற் போக, மேற்பரப்புக்குச் சில மீற்றர் கீழேயோ, அன்றி மேலே வந்து முதல் மூச்சை எடுக்கும் தறுவாயிலோ அவர் நினைவிழக்கின்றார். அருகில் எவராவது இருந்தால் அவரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இயலும். எவரும் இல்லாவிடின் அவர் மூழ்கி இறப்பது ஏறக்குறைய நிச்சயம்.

இந்த ஆபத்தை மேலும் பெருக்கும் ஒரு பழக்கமும் உண்டு. நீரில் மூழ்குவதற்கு முன்னர் வேகமாகவும் ஆழமாகவும் பல தடவைகள் மூச்செடுத்தால் கூடுதல் ஒட்சிசனைச் சேமிக்கலாம் எனப் பலரும் நம்புகின்றனர். இதனால் உடலில் ஒட்சிசனின் அளவு குறிப்பிடத்தக்க அளவு அதிகரிப்பதில்லை. மாறாக, காபனீரொட்சைட்டின் அளவே குறைகின்றது. மூச்செடுக்க வேண்டும் என்ற தவிப்பை உண்டாக்குவது ஒட்சிசன் குறைவதல்ல, காபனீரொட்சைட்டு கூடுவதேயாகும். எனவே வேகமாக மூச்செடுத்துவிட்டு இறங்குபவர், உடல் விடுக்க வேண்டிய எச்சரிக்கையைத் தாமே நிறுத்திவிட்டு இறங்குகின்றார். தவிப்பு ஏற்படாததைத் தமது திறமை என்று கருதி மேலும் சில செக்கன்கள் ஆழத்தில் தங்குகின்றார். நீச்சலில் வல்லவர்களான இளைஞர்கள் நீச்சற் தடாகங்களிற்கூட உயிரிழப்பதற்கு இதுவே காரணமாகின்றது.

திறமையும் அனுபவமும் இந்த ஆபத்திலிருந்து எவரையும் காத்துவிடுவதில்லை. ரஷ்யாவைச் சேர்ந்த நத்தாலியா மொல்ச்சனோவா மூச்சடக்கிச் சுழியோடுவதில் உலகின் முதன்மையான வீராங்கனையாக விளங்கியவர். அசைவற்ற நிலையில் 9 நிமிடங்களுக்கு மேல் மூச்சடக்கிய முதற் பெண் அவரேயாவார். 2015 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2 ஆம் திகதி ஸ்பெயினின் போர்மென்ரெறா தீவுக்கு அண்மையில், போட்டி எதுவுமற்ற ஒரு சாதாரண நாளில், அவர் சுழியோடிவிட்டு மேலே வரவில்லை. அவரது உடல் கிடைக்கவேயில்லை. போட்டிகளின்போது பாதுகாப்புச் சுழியோடிகள் புடைசூழ இதனைவிடப் பன்மடங்கு ஆழத்துக்குச் சென்று திரும்பியவர் அவர் என்பது இங்கு சிந்திக்கத்தக்கது.

ஒருவர் கீழே செல்லும்போது மற்றவர் மேலேயிருந்து அவரைக் கண்காணிக்க வேண்டும் என்பதே இன்று உலகெங்கும் இத்துறையில் முதலாவதாகக் கற்பிக்கப்படும் விதியாகும். இது எமக்குப் புதியதொன்றல்ல. மன்னார் வளைகுடாவில் நடைபெற்ற முத்துக்குளிப்பில் இரு சுழியோடிகளுக்கு ஒரு கல் என்பதே வழக்கமாக இருந்தது. ஒருவர் கல்லுடன் இறங்க, மற்றவர் மேலே இளைப்பாறுவார். வள்ளத்திலிருந்து கயிறு பிடிப்பவர், கீழே சென்றவர் கயிற்றை அசைத்ததும் மேலே இழுத்துவிடுவார். 1905 ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியில் 8 கோடிக்கும் அதிகமான சிப்பிகள் எடுக்கப்பட்ட பெருங்குளிப்பும் இந்த முறையிலேயே நடைபெற்றது. முத்துக்குளிப்பாளரின் வாழ்வு துன்பம் நிறைந்ததாக இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், துணையில்லாமல் ஆழத்துக்குச் செல்வது அவர்களின் தொழில் ஒழுங்கில் இடம்பெறவில்லை. வறுமையின் நிமித்தம் கடலில் இறங்கியவர்கள் கைக்கொண்ட ஒழுங்கை, பொழுதுபோக்குக்காக இறங்குபவர்கள் கைவிடுவது எவ்வகையிலும் நியாயமாகாது.

உபகரணங்களைப் பொறுத்தவரையிலும் விலையைக் காட்டிலும் பயன்படுத்தும் முறையே முக்கியமானது. ஈயக்கட்டிகளின் நிறையைத் தீர்மானிப்பது இவற்றுள் தலையாயது. விரைவாகக் கீழே செல்வதற்காக அதிக நிறையைக் கட்டிக்கொள்பவர், நினைவிழந்தால் மிதப்பதற்குப் பதிலாக அடியை நோக்கியே செல்வார். ஏறத்தாழ 10 மீற்றர் ஆழத்தில் மிதக்கவும் மூழ்கவும் செய்யாத நிலை ஏற்படும் வகையில் நிறை அமைய வேண்டும். இடுப்புப்பட்டி ஒரு கையால், ஒரே இழுப்பில் கழற்றக்கூடியதாக இருத்தல் அவசியம். இறங்கும்போது சுவாசக் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும். வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் விரைந்து செல்லும் எமது கடல்களில், கொடியுடன் கூடிய மிதவை இல்லாமல் இறங்குவது ஆபத்தை வலிந்து அழைப்பதாகும். பாறைகளில் சிக்கிக் கிடக்கும் தங்கூசி வலைகளை அறுப்பதற்குச் சிறு கத்தியொன்றும் தேவை. மேலே வந்தவர் அடுத்த தடவை இறங்குவதற்கு முன்னர், கீழே இருந்த நேரத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு நேரமாவது இளைப்பாற வேண்டும். துணையாக நிற்பவர் அவர் மேலே வந்த பின்னரும் அரை நிமிடமாவது கண்களை அகற்றாதிருக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயையும் மூக்கையும் நீருக்கு மேலே வைத்திருத்தல், முகக்கண்ணாடியைக் கழற்றி முகத்தில் ஊதித் தட்டிப் பெயர் சொல்லி அழைத்தல், மூச்சு வராவிடின் செயற்கைச் சுவாசம் அளித்தல் ஆகியவை ஒரு நாட் பயிற்சியிலேயே கற்கக்கூடியவை.

ஈட்டித் துப்பாக்கியின் விடயம் இதனுடன் நெருங்கிய தொடர்புடையது. பல நாடுகளில் மூச்சடக்கிச் சுழியோடி மீன்களை வேட்டையாடுவது அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்காகும். அங்கும் காற்றுக் கொள்கலனுடன் வேட்டையாடுவதைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. இலங்கையில் ஈட்டித் துப்பாக்கியால் மீன்பிடிப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. 2003 ஆம் ஆண்டு தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட புறாத்தீவு போன்ற இடங்களில் எந்த உயிரினத்துக்கும் ஊறு விளைவிப்பது குற்றமாகும். இத்தடைக்கு வலுவான நியாயம் உண்டு. களவாய் இனங்களுள் பல, முதலில் பெண்ணாக வளர்ந்து பின்னர் ஆணாக மாறுபவை. வேட்டைக்காரர் பெரிய மீனையே குறிவைப்பதால் ஒரு பாறையிலுள்ள ஆண் மீன்கள் அற்றுப்போய் இனப்பெருக்கமே தடைப்படலாம். முருகைக்கற்களில் படரும் பாசியை மேய்ந்து அவற்றைக் காக்கும் கிளிமீன்கள் இரவில் பாறை இடுக்குகளில் உறங்குகையில் எளிதில் இரையாகிவிடுகின்றன.

ஆயினும், தடைசெய்யப்பட்ட செயல் முற்றாக நின்றுவிடுவதில்லை என்பதையும் மறைவாக நடைபெறும்போது அது மேலும் ஆபத்தானதாகின்றது என்பதையும் அதிகாரிகள் கருத்திற் கொள்ள வேண்டும். பிடிபடுவோம் என்ற அச்சத்தில் இரவில், தனியாக, மிதவையோ கொடியோ இன்றி இறங்குபவரின் கவனம் முழுவதும் மீனின் மீதே இருக்கும். மூச்சு முடிவதை உணர்ந்தும் ஒரு கணம் தாமதிப்பார். அவருக்கு விபத்து நேரும்போது, உடன் சென்றவர் உதவி கோருவதற்கும் தயங்குவார். சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்பது எமது கருத்தல்ல. சட்டத்தை நடைமுறைப்படுத்துவதுடன், பாதுகாப்பான சுழியோடலுக்கு வெளிப்படையான வழியொன்றையும் திறந்துவிட வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.

இதற்குப் பெருந்தொகை நிதி தேவைப்படாது. உபகரணங்களை வாடகைக்கு விடும் கரையோர நிலையங்கள், துணையின்றி வருபவருக்கு அவற்றை வழங்குவதில்லை என்ற நிபந்தனையை அனுமதிப்பத்திரத்திலேயே உள்ளடக்கலாம். இலங்கைக் கடலோரப் பாதுகாப்புத் திணைக்களமும் கடற்படையும் கொண்டுள்ள உயிர்காப்புப் பயிற்சி அறிவைப் பருவகாலம் தொடங்கும் முன்னர் கரையோரப் பாடசாலைகளுக்கும் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் தமிழிலும் சிங்களத்திலும் கொண்டு செல்லலாம். இவ்வாறான நிபந்தனைகள் உல்லாசப் பயணத்துறையைப் பாதிக்கும் என்று சிலர் வாதிடக்கூடும். விபத்துக்கள் பாதிப்பதைவிட அதிகமாக எந்த நிபந்தனையும் அத்துறையைப் பாதித்துவிடப் போவதில்லை.

சட்டமும் நிபந்தனையும் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இளைஞர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் இல்லை. மூச்சை எவ்வளவு நேரம் அடக்க முடியும் என்று நண்பர்களிடையே போட்டியிடும் பழக்கம் முதலில் கைவிடப்பட வேண்டும். எவரும் தனியாகச் சுழியோடக்கூடாது என்ற ஒரு விதி எமது கரையோரங்களில் வழக்கமாக வேரூன்றுமானால், தவிர்க்கக்கூடிய மரணங்களில் பெரும்பகுதியை எம்மால் தவிர்த்துக்கொள்ள முடியும். இவ்விடயத்தில் சம்பந்தப்பட்ட அதிகாரிகள் அடுத்த பருவகாலத்துக்கு முன்னராவது கவனம் செலுத்த வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.