பெயர் எழுதாத கை

காரவள்ளியிலிருந்து செம்மேட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் யாரோ ஒரு பாறைக்கு முகம் வரைந்திருக்கிறார்கள். சுண்ணாம்பில் இரண்டு வட்டக் கண்கள், கரித்துண்டால் கருவிழி, கீழே முறுக்கிய மீசை. மூக்கு மட்டும் வரையவில்லை. பாறையில் துருத்திக்கொண்டிருக்கும் முண்டே மூக்காகிவிட்டது. கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் பேருந்தில் பலருக்குத் தலை சுற்றிவிடும், எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்த நேரம் பார்த்து வளைவில் இந்த முகம் எட்டிப் பார்க்கிறது. அதுவரை அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தை, "அம்மாயி, அங்க பாரு தாத்தா!" என்று கத்தியது. பேருந்தே சிரித்தது. இந்த வாரம் முழுக்க எனக்கு அந்தச் சந்தோஷம்தான்.

இதே குறும்பு அமெரிக்காவிலும் நடந்தது. ஒரேகான் மாநிலத்தின் பெண்ட் நகரில், 2024 கடைசியில், பொது இடத்துச் சிலைகளுக்கு யாரோ உருளும் பொம்மைக் கண்களை ஒட்டிவிட்டுப் போனார்கள். பசை சிலையைக் கெடுத்துவிடும், ஒட்டாதீர்கள் என்று நகர நிர்வாகம் கேட்டுக்கொண்டது. அதிலும் நியாயம் உண்டு. நம் பாறைக்கு அந்தப் பயமில்லை, நாலு மழையில் சுண்ணாம்பு கரைந்துவிடும். சென்னைக் கண்ணகி நகரில் 2020 வாக்கில் குடியிருப்புச் சுவர்களையே ஓவியங்களாக மாற்றினார்களே, அதையும் சேர்த்து நிதானமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்தப் பாறையின் இடுப்பில் இன்னொன்றும் இருக்கிறது. எனாமல் பெயிண்டில் இரண்டு பெயர்கள், நடுவில் அம்பு பாய்ந்த இதயம், கீழே தேதி.

பாறையில் பெயர் எழுதுகிறவர்களைப் பற்றி இந்தப் பத்தியில் எத்தனை முறை எழுதியும் எனக்குக் கோபம் ஆறவில்லை. மற்ற மலைகளில் எழுதுவதைவிடக் கொல்லிமலையில் எழுதுவது அதிகம் வலிக்கிறது. காரணம், இந்த மலையை ஆண்ட ஓரி.

ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் வீழ்த்தியவன் வல்வில் ஓரி என்று செம்மேட்டில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆடிப் பதினெட்டையொட்டி நடக்கும் ஓரி விழாவிலும் வில்தான் பேச்சு. இந்தக் கதை புறநானூற்றின் 152ஆம் பாட்டு, பாடியவர் வன்பரணர். நாம் அம்போடு நின்றுவிடுகிறோம், பாட்டு நிற்கவில்லை. வழியில் போகும் பாணர் கூட்டம் அந்த வேட்டைக்காரனைப் பார்க்கிறது. யாரென்று தெரியவில்லை. கறி விற்பதற்காக வேட்டையாடுகிறவன் போலவும் இல்லை. மார்பில் ஆரம் தொங்குகிறது, ஒருவேளை ஓரிதானோ என்று சந்தேகம். யாழும் முழவும் இசைத்துப் பாடிவிட்டுக் கடைசியில் 'கோ', அதாவது அரசே, என்று விளிக்கிறார்கள். அது தன்னைக் குறிக்கும் பெயர் என்பதால் அவன் வெட்கப்படுகிறான்! உன்னைப் போன்ற வேட்டுவன் எங்கும் இல்லை என்று புகழ்கிறார்கள். அவர்கள் வேண்டியதைக் கேட்கக்கூட அவன் விடவில்லை. மான்கறியும், உருக்கிய நெய் போன்ற மதுவும், தன் மலையில் பிறந்த பொன்னும் மணியும் கொடுத்து, 'கொள்ளுங்கள்' என்கிறான். அரண்மனையில் அல்ல, காட்டுவழியில், முன்பின் தெரியாதவர்களுக்கு.

1894இல் உ.வே.சா. பதிப்பித்துக் கையில் கொடுத்த நூல் புறநானூறு. அதில் எனக்கு ஒரே ஒரு பாட்டை வைத்துக்கொள்ள அனுமதி என்றால் இதைத்தான் எடுப்பேன். வழிப்போக்கனுக்குக் கொடுப்பதும், தன் பெயரைக் கேட்டால் கூசுவதும் ஒரே மனத்தின் வேலை என்று இந்தப் பாட்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தது. இதே மலையின் கொல்லிப் பாவையும் அப்படித்தான். காற்றும் மழையும் இடியும் தாக்கினாலும் அழகு குலையாத பாவை என்று பரணர் பாடுகிறார். அதைச் செய்தது தெய்வம் என்கிறது ஒரு பாட்டு, பூதம் என்கிறது இன்னொன்று. செய்த கையின் பெயர் எதிலும் இல்லை. விடியலில் வாசலில் கோலம் போடும் பெண் மூலையில் கையெழுத்துப் போடுவதில்லை. பாறைக்கு மீசை வைத்தவரும் போடவில்லை. அவர் யாரென்று விசாரிக்க எனக்கு ஆசையில்லை.

விழா நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆடியில் வில்லோடு சேர்த்து இந்தப் பாட்டின் பிற்பாதியையும் மேடையில் சொல்லுங்கள். மலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சாக்பீஸ் பெட்டி கொடுத்து, செம்மேட்டில் பேருந்து நிற்கும் இடத்துச் சிமெண்ட் தரையை ஒருநாள் அவர்களிடம் விட்டுவிடுங்கள். ஏறி வருகிறவர்களுக்காக இஷ்டம்போல் வரையட்டும். போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம், பெயர்ப் பட்டியலும் வேண்டாம். பெயிண்ட் டப்பாவோடு மலையேறுகிறவர்களே, அதைக் காரவள்ளியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.