ஆட்சி செய்த பாவம் மக்கள் தலையிலா?

பல்லாவரத்தில் எங்கள் வாசகர் வட்டம் சென்ற மாதம் கூடியபோது, நண்பர் ஒருவர் ஈரானைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். "மன்னன் எவ்வழி, மக்கள் அவ்வழி" என்று தொடங்கி, அதே பழமொழியில் முடித்தார். நடுவில் அவர் அடுக்கிய வாதங்கள் நான்கு. ஒன்று: 1979இல் ஓட்டுப் போட்டு மதகுருக்களின் ஆட்சியைக் கொண்டுவந்தவர்கள் ஈரானியர்களே, அவர்கள் படும் பாடு அவர்களே தேடிக்கொண்டது. இரண்டு: நாம் பார்த்து உருகும் ஈரானியப் படங்கள் ஐரோப்பிய விழாக்களுக்காகச் செய்த அலங்காரம், தெருவில் 'ஒழிக' கோஷம் போடும் கூட்டமே நிஜ ஈரான். மூன்று: அந்த ரத்தம் எப்படிப்பட்டது என்பதை 2025 மார்ச்சில் சென்னையே பார்த்துவிட்டது. நான்கு: பொருளாதாரத் தடையோ குண்டோ, அவர்கள் மேல் எது விழுந்தாலும் நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை; அவர்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

அரங்கம் கைதட்டியது. தட்டியவர்கள் படித்தவர்கள், நாளிதழை வரி விடாமல் வாசிப்பவர்கள். இந்த நான்கில் ஒன்றுகூட நிற்காது என்பதைச் சொல்லாமல் விட்டால், அந்தக் கைதட்டலில் எனக்கும் பங்கு வந்துவிடும்.

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். நான்கிலும் கேவலமானது அதுதான். 2025 மார்ச் 25 காலையில் தென்சென்னையில் அடுத்தடுத்துப் பெண்களின் சங்கிலிகள் பறிக்கப்பட்டன. நம் பல்லாவரத்தை ஒட்டிய விமான நிலையத்தில் இருவரைப் போலீசார் பிடித்தார்கள். பிடிபட்ட ஒருவர் மறுநாள் அதிகாலை தரமணியில் என்கவுன்ட்டரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 'இரானிக் கொள்ளையர்' என்று செய்தி வந்தது. நண்பர் தலைப்போடு நின்றுவிட்டார். கொல்லப்பட்டவர் மகாராஷ்டிரத்தில் தானே மாவட்டத்து ஆம்பிவிலியைச் சேர்ந்தவர். முன்னோர்கள் பல தலைமுறைக்கு முன் பாரசீகத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் அங்குள்ள சமூகத்துக்கு இரானி என்று பெயர். அவர்கள் இந்தியக் குடிமக்கள். அந்தத் திருட்டுக்கும் டெஹ்ரானில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஓர் ஆசிரியைக்கும் என்ன தொடர்பு? ஆம்பிவிலியிலேயே உழைத்துச் சாப்பிடும் ஓர் இரானிக் குடும்பத்துக்குத்தான் என்ன தொடர்பு?

ஒரு சமூகத்தையே திருட்டுச் சமூகம் என்று பதிவேட்டில் எழுதிய குற்றப்பரம்பரைச் சட்டத்தின் வாடை இந்த 'ரத்த'ப் பேச்சில் அடிக்கிறது. 1871இல் வெள்ளைக்காரர்கள் வடக்கே கொண்டுவந்த அந்தச் சட்டம் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் குண்டடிபட்டுச் செத்தவர்கள் நம் மக்கள். இன்றும் வெளிமாநிலப் பத்திரிகைகள், கவனத்தைத் திசைதிருப்பித் திருடுகிறவர்களைப் பற்றி எழுதும்போது 'திருச்சி ராம்ஜி நகர் கும்பல்' என்கின்றன. அதைக் காட்டி, தமிழ் ரத்தமே இப்படித்தான் என்று டெல்லியில் ஒருவர் மேடையேறினால் நண்பர் பொறுப்பாரா? 2023 மார்ச்சில், பிகார்த் தொழிலாளர்களைத் தமிழர்கள் அடித்துக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்களைப் பரப்பினார்கள். பிகார் அரசு விசாரிக்கக் குழுவையே அனுப்பியது. அந்தப் பழிச்சொல்லுக்கு நாம் கொதித்தோம். அந்தக் கொதிப்பு நியாயமானது என்றால், இன்னொரு மக்கள்மேல் அதே பழியை வீச நமக்கு வாய் வரக்கூடாது.

அடுத்து அந்த ஓட்டு. 1979 மார்ச் கடைசியில் நடந்த வாக்கெடுப்பில் 98 விழுக்காடு 'ஆம்' என்று விழுந்தது உண்மை. கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்று: இஸ்லாமியக் குடியரசு வேண்டுமா, வேண்டாமா? யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்று சொல்லும் அரசியல் சட்டம் அந்த ஆண்டு டிசம்பரில்தான் வாக்கெடுப்புக்கு வந்தது. முதல் வாக்கெடுப்புக்கு மூன்று வாரம் முன்பே, மார்ச் 8 அன்று, முக்காட்டைக் கட்டாயமாக்கும் முயற்சியை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் டெஹ்ரான் தெருக்களில் இறங்கினார்கள். நண்பரின் கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரி இல்லை. 1936இல் ரேசா ஷா முக்காட்டைத் தடைசெய்து, போலீசை ஏவிப் பெண்களின் தலைத்துணியை இழுக்கவைத்தது பற்றியும் இல்லை. பாட்டியிடமிருந்து பறித்ததும் ஓர் ஆட்சி, பேத்தி தலையில் திணித்ததும் ஓர் ஆட்சி. இருவரையும் யாரும் கேட்கவில்லை. எண்ணெயை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதெக்கை 1953இல் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள் கவிழ்த்ததும் அந்தக் கட்டுரையில் இல்லை. இன்றைய ஈரானியர்களில் பெரும்பாலோர் 1979க்குப் பின் பிறந்தவர்கள். பிறப்பதற்கு முன் விழுந்த ஓட்டுக்கு அவர்களைத் தண்டிக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

மன்னன் எவ்வழியோ மக்களும் அவ்வழி என்றால், 1999இல் டெஹ்ரானில் எழுந்த மாணவர்கள் யார்? 2009இல் "என் ஓட்டு எங்கே?" என்று கேட்டவர்கள் யார்? 2019 நவம்பரில் பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்து, இன்டர்நெட் துண்டிக்கப்பட்ட நாட்களில் சுடப்பட்டுச் செத்தவர்கள் யார்? 2022 செப்டம்பரில் மஹ்சா அமினி என்ற இளம்பெண் காவலில் இருந்தபோது இறந்த பிறகு, முக்காட்டைக் கழற்றித் தீயில் போட்ட பெண்கள் யார்? நர்கெஸ் முகம்மதிக்கு 2023இல் அமைதிக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் எவின் சிறையில் இருந்தார். அவருடைய பிள்ளைகள்தான் ஆஸ்லோவுக்குப் போய்ப் பரிசை வாங்கினார்கள். 2025 ஜூன் 23 அன்று அதே எவின் சிறையை இஸ்ரேல் குண்டு வீசித் தாக்கியது. கைதிகளும் இறந்தார்கள், கைதிகளைப் பார்க்க வந்த உறவினர்களும் இறந்தார்கள். ஆட்சியை எதிர்த்துச் சிறைக்குப் போனவர், அந்த ஆட்சியின் பாவத்துக்காக வெளிநாட்டுக் குண்டில் சாகிறார். நண்பரின் பழமொழி சரியென்று ஒப்புக்கொண்டால் இதையும் சரியென்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

படங்கள் அலங்காரமாம். இயக்குநர் ஜாஃபர் பனாஹிக்கு 2010இல் ஆறாண்டுச் சிறைத் தண்டனை, இருபதாண்டு படம் எடுக்கத் தடை. தடைக்குள்ளேயே அவர் டாக்ஸி ஓட்டுநராக உட்கார்ந்து, காருக்குள் கேமரா வைத்து, ஏறி இறங்குகிறவர்களின் பேச்சையே படமாக்கினார். அந்த 'டாக்ஸி' 2015இல் பெர்லினில் தங்கக் கரடி வென்றது. நாட்டை விட்டு வெளியேற முடியாததால் அவரால் போக முடியவில்லை. 2025இல் கான் விழாவின் தங்கப்பனையும் அவருக்குக் கிடைத்தது. அலங்காரம் செய்கிறவரை எந்த அரசு சிறையில் தள்ளும்? மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' படத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே ஜோடி காலணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறார்கள். 2022இல் சாமி அதைத் தமிழில் 'அக்கா குருவி' என்று எடுத்தார். கதை அப்படியே நம் ஊரில் பொருந்தியது. ஏழை வீட்டுப் பிள்ளையின் அவமானத்தை அலங்காரம் என்று சொல்ல ஒருவருக்கு மனம் கல்லாகியிருக்க வேண்டும்.

'ஒழிக' கோஷம் போடும் கூட்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. கேமராவுக்கு முன் அது நிற்கிறது, அரசே அதை நிறுத்துகிறது. கேமரா போகாத இடத்தில் ஜனங்கள் வாழ்கிறார்கள். சங்கக் ரொட்டிக் கடையில் காலையிலேயே வரிசை நிற்கும். கொதிக்கும் கூழாங்கற்கள்மேல் மாவைப் பரப்பிச் சுடுவார்கள். வாங்குகிறவர் ரொட்டியில் ஒட்டிய கல்லைத் தட்டி உதிர்த்து, சூடு ஆறுவதற்குள் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போவார். டெஹ்ரான் மெட்ரோவில் பெண்களுக்குத் தனிப் பெட்டிகள் உண்டு. தலைத்துணி, சாக்ஸ், உதட்டுச்சாயம் என்று கூவி விற்கும் பெண்கள் அதில் ஏறி இறங்குவார்கள். தாம்பரம்-கடற்கரை ரயிலின் மகளிர் பெட்டியில் ஹேர்பின்னும் பூவும் விற்கும் அக்காவுக்கும் அவர்களுக்கும் வயிற்றுப்பாடு ஒன்றுதான். டிசம்பரின் மிக நீண்ட இரவில் மாதுளையும் தர்பூசணியும் வைத்து, குடும்பமாக உட்கார்ந்து, ஹாஃபிஸின் கவிதை நூலை ஏதோ ஒரு பக்கத்தில் பிரித்துக் குறி பார்ப்பார்கள். இவர்களைத்தான் நண்பர் 'அந்த ரத்தம்' என்றார்.

கண்ணீர் வேண்டாம் என்றாரே, அந்தத் தடை யாரை அடிக்கிறது என்பதைப் பார்ப்போம். 2018 மே மாதம் அமெரிக்கா ஈரானுடனான அணுசக்தி ஒப்பந்தத்திலிருந்து விலகி மறுபடி தடை போட்டது. தொட்டாலே தோல் உரிந்து புண்ணாகும் பிறவி நோயோடு ஈரானில் குழந்தைகள் இருக்கிறார்கள். புண்ணில் ஒட்டாத பஞ்சுக் கட்டை ஒரு சுவீடன் நிறுவனத்திடமிருந்து வாங்கிவந்தார்கள். தடை வந்ததும் அந்த வரத்து நின்றது. ஒட்டுகிற சாதாரணக் கட்டைப் பிரிக்கும்போது புண்ணோடு தோலும் சேர்ந்து வரும். சட்டப்படி மருந்துக்கு விலக்கு உண்டு. பணத்தைக் கைமாற்ற வங்கிகள் துணியாதபோது அந்த விலக்கு காகிதத்தில் மட்டுமே இருக்கும். 2015இல் ஒரு டாலருக்குச் சுமார் 35,000 ரியால். 2025இல் வெளிச்சந்தையில் 10 லட்சத்தைத் தாண்டியது. ஆட்சியின் ஊழலுக்கும் நிர்வாகக் கேட்டுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் ஆட்சியில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்குக் கட்டுத்துணி கிடைக்காமல் போகவில்லை. ஓய்வூதியம் வாங்கும் கிழவரின் சேமிப்புதான் கரைந்தது.

"என்ன சம்பந்தம்?" பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் நான்காவது நிறுத்தம் பரங்கிமலை. மலையுச்சிக் கோயிலின் பீடத்தில் ஒரு கற்சிலுவை இருக்கிறது. 1547இல் போர்த்துக்கீசியர் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது. அதைச் சுற்றி வளைந்து ஓடும் எழுத்து பஹ்லவி, அன்றைய பாரசீகரின் எழுத்து. இது பழங்கதை என்றால் புதுக்கதையும் உண்டு. தமிழக மீனவர்கள் ஈரான் கரையில் கூலிக்கு மீன்பிடிக்கிறார்கள். கொரோனாவில் அங்கே சிக்கிக்கொண்ட மீனவர்கள் உட்பட 687 பேரைப் பந்தர் அப்பாஸிலிருந்து ஏற்றிக்கொண்டு, 2020 ஜூலை 1 அன்று ஐ.என்.எஸ். ஜலாஷ்வா தூத்துக்குடிக்கு வந்தது. அந்தக் கரையில் குண்டு விழுந்தால் நம் கரையிலும் அடுப்பு அணையும்.

ஈரானிய ஆட்சியின் தூக்குமேடையை, சிறையை, முக்காட்டுச் சட்டத்தை நண்பர் கண்டிக்கட்டும். நானும் சேர்ந்து கண்டிக்கிறேன். ஆனால் அந்தக் கண்டனத்தை முதலில் சொன்னவர்களும், சொன்னதற்காக உயிரைக் கொடுத்தவர்களும் ஈரானியர்கள்தான். அவர்களை அந்த ஆட்சியோடு ஒரே கயிற்றில் கட்டித் தண்டனை கேட்கிறவர், அந்த ஆட்சி உள்ளே செய்வதை வெளியிலிருந்து செய்கிறார். அடுத்த கூட்டத்தில் நண்பர் தம் மூன்றாவது வாதத்தையும் நான்காவது வாதத்தையும் அதே மேடையில், வாய் திறந்து, திரும்பப் பெற வேண்டும். அன்று கைதட்டிய ஒவ்வொருவரும் வந்து அதைக் கேட்க வேண்டும்.