திண்டுக்கல் பூட்டை யார் காப்பது?

திண்டுக்கல் பிரியாணி கடல் கடந்துவிட்டது. 1957-இல் நாகசாமி நாயுடு இந்த ஊரில் தொடங்கிய தலப்பாக்கட்டிக் கடை, இன்று சீரகச் சம்பா மணத்தோடு வெளிநாடுகளிலும் கிளை பரப்பியிருக்கிறது. உலகமயமாக்கல் செய்த நன்மை அது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பிரியாணிக்கு முன்பே ஊர்ப் பெயரை நாடெங்கும் கொண்டுபோன பூட்டுக்கு, உள்ளூர்க் கடைத்தெருவிலேயே இடம் குறுகிவிட்டது.

மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று எத்தனை வகை! லீவரைக் கையால் அராவி, அந்தப் பூட்டுக்கென்றே சாவியைப் பொருத்துகிறார்கள். அந்த உழைப்பு விலையில் தெரியும். அலிகாரில் இயந்திரம் குவிக்கும் பூட்டோ மலிவு. இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகளும் 2001 ஏப்ரலோடு நீங்கின. மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் குடும்பம் மலிவானதை எடுத்தால் அதைக் குறை சொல்ல முடியாது. பட்டறைக்காரர் தன் பிள்ளையை வேறு வேலைக்கு அனுப்புவதும் அப்படித்தான்.

2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாம் மகிழ்ந்தோம், பிறகு மறந்தோம். இந்தக் குறியீட்டுச் சட்டமே உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்தை ஒட்டி 1999-இல் இந்தியா இயற்றியது. சந்தையைத் திறந்துவிட்ட அதே ஏற்பாடுதான் இந்தக் கவசத்தையும் தந்தது. ஆனால் அது பெயரைத்தான் காக்கும். வாங்கும் ஆளைக் கொண்டுவராது. வேறு ஊர்ப் பூட்டை நம் பெயரில் விற்றால் தட்டிக்கேட்கவும் ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார்? அரசு மட்டும் என்று கைகாட்டிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. மாவட்டத்தின் அலுவலகங்களும் கோயில்களும் பள்ளிகளும் வங்கிகளும் தங்கள் கதவுகளுக்கு இங்கே செய்த பூட்டைக் கேட்டு வாங்கலாம். நிலையான ஆர்டர் ஒன்றுதான் பட்டறையில் உலையை அணையாமல் வைக்கும். தொழிற்பயிற்சி நிலையங்கள் பூட்டுத் தொழிலைக் கற்றுத் தரட்டும், பயிலும் காலத்தில் உதவித்தொகையும் இருக்கட்டும். கைத்தொழிலாளருக்கும் ஒரு கடமை உண்டு: தரத்தில் சமரசம் செய்யாமல், செய்தவர் அடையாளத்தைப் பூட்டிலேயே பொறிக்க வேண்டும். வணிகர்கள் உள்ளூர்ப் பூட்டையும் வெளியூர்ப் பூட்டையும் தனித்தனியே வைத்து உண்மையைச் சொல்லி விற்கட்டும்.

அடுத்த முறை பூட்டு வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் கேளுங்கள்: இது எந்தப் பட்டறையில் செய்தது?